தாவர அறிவியல்: பட்டத்துக்கும் பணிக்கும் நடுவே

தாவர அறிவியலில் முனைவர் பட்டம் முடிக்கும் இளைஞர்களுக்கு இந்தியாவில் வேலை இருக்கிறதா என்ற கேள்வி, 2025இல் மூன்று செய்திகளால் கூர்மையானது. மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. ஏறத்தாழ அதே நாட்களில், மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை பெறும் மாணவர்கள் பலர் மாதக்கணக்கில் பணம் வரவில்லை என்று பொதுவெளியில் முறையிட்டார்கள். செப்டம்பரில், புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தது. உள்நாட்டில் சாதனை, உள்நாட்டிலேயே நிச்சயமின்மை, வெளிநாட்டில் பாதி மூடிய கதவு: ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் இந்த மூன்றுக்கும் நடுவே தங்கள் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

இது ஆய்வாளர்களின் குடும்பக் கவலை மட்டும் என்று விட்டுவிட முடியாது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மையத்தில் உருவான கோ 0238 என்ற ரகம், உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. விவசாயிகளும் ஆலைகளும் அதனால் பயன்பெற்றார்கள். பிறகு செவ்வழுகல் நோய் அந்த ரகத்தைத் தாக்கத் தொடங்கியது. மாற்று ரகங்களைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. எந்தப் பயிர் ரகமும் நிரந்தரமல்ல. பூஞ்சை மாறும், பூச்சி மாறும், மழை மாறும். அடுத்த ரகத்தை உருவாக்கும் ஆள் இன்றே பயிற்சியில் இருந்தாக வேண்டும்.

நுழைவாயில்கள் பல

முதல் படியில் வாய்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. நெட் தேர்வின் உயிரியல் தாள், உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தேர்வு, தாவரவியலைத் தனிப் பிரிவாகக் கொண்ட கேட் தேர்வு, பெங்களூரு என்.சி.பி.எஸ். போன்ற நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வு, வேளாண் பட்டதாரிகளுக்கு ஐ.சி.ஏ.ஆர். நடத்தும் தேர்வுகள் என வழிகள் பல. 2024 முதல் யு.ஜி.சி. நெட் மதிப்பெண்ணைக் கொண்டே பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கலாம் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது.

நிறுவனங்களும் குறைவில்லை. டெல்லியில் தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனமும் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், லக்னோவில் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனமும் மருத்துவ, நறுமணத் தாவரங்களுக்கான சீமாப்பும், பாலம்பூரில் இமயமலைத் தாவரங்களை ஆராயும் நிறுவனமும் இருக்கின்றன. ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் 1972 முதல் இயங்கும் இக்ரிசாட் சோளம், கம்பு, கடலை, துவரை போன்ற மானாவாரிப் பயிர்களுக்கான சர்வதேச மையம்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம், 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வன மரபியல் நிறுவனம், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் ஆகிய நான்கும் ஒரே நகரில் இருக்கின்றன. நாட்டில் வேறு எந்த ஊருக்கும் எளிதில் அமையாத சேர்க்கை இது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தேசியப் பல்லுயிர் ஆணையமும் உள்ளன.

உதவித்தொகையும் முன்பைவிட உயர்ந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் கணக்கிட்டு ஜே.ஆர்.எஃப். மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆகவும், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 35,000இலிருந்து 42,000 ஆகவும் கூட்டப்பட்டன. வீட்டு வாடகைப் படி தனி. பிரதமர் ஆய்வு உதவித்தொகை பெறும் சிலருக்கு முதல் ஆண்டிலேயே மாதம் 70,000 ரூபாய். முனைவர் பட்டம் முடித்து ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்வோருக்கு 58,000 முதல் 67,000 வரை.

ஆனால் இந்தத் தொகைகள் தேர்வில் முன்னணியில் வந்தவர்களுக்கு உரியவை. மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசுக் கல்லூரியில் தாவரவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் மாணவிக்கு இவற்றில் எதுவும் கிடைக்காமல் போகலாம். பகுதிநேரமாகப் பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ பாடம் நடத்திக்கொண்டு ஆய்வை இழுத்துச் செல்வோர் எத்தனையோ பேர். தகுதி குறைந்தவர்கள் என்று அவர்களை ஒதுக்குவது நியாயமில்லை. இளங்கலையில் ஒரு நல்ல ஆய்வகத்தைப் பார்க்கும் வாய்ப்பே அவர்களில் பலருக்கு அமைந்ததில்லை.

செடிக்கு ஒரு காலம், திட்டத்துக்கு ஒரு காலம்

தாவர ஆய்வுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நுண்ணுயிரை ஆராய்பவர் ஒரு சோதனையை இருபத்து நான்கு மணி நேரத்தில் திரும்பச் செய்யலாம். நெல்லை ஆராய்பவர் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். நெற்பூ முற்பகலில் சில மணி நேரமே திறந்திருக்கும். ஒட்டுச் சேர்க்கைக்கு முதல் நாள் மாலையிலேயே மகரந்தப் பைகளை நீக்கி வைக்க வேண்டும். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் பருவமே போயிற்று. தென்னையிலும் மாமரத்திலும் ஒரு தலைமுறை காய்ப்பதற்கே பல ஆண்டுகள் ஆகும்.

வெள்ளத்தைத் தாங்கும் நெல்லின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும். ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்த எஃப்.ஆர். 13ஏ, தண்ணீருக்கடியில் இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான பகுதி ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பதாக 1996இல் கண்டறியப்பட்டது. ‘சப் 1ஏ’ என்ற மரபணு அடையாளம் காணப்பட்ட செய்தி 2006இல் வெளியானது. ‘ஸ்வர்ணா சப் 1’ ரகம் இந்திய விவசாயிகளுக்குக் கிடைத்தது 2009இல். காவிரி டெல்டாவில் வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும் சம்பா வயல்களுக்காக வந்த சி.ஆர். 1009 சப் 1 ரகமும் அதே மரபணுவின் பலன்தான்.

குரோமோசோமில் இடம் கண்டறிந்ததிலிருந்து வயலுக்கு வர 13 ஆண்டுகள். இந்தியாவில் ஓர் ஆய்வுத் திட்டத்துக்குப் பொதுவாகக் கிடைக்கும் காலமோ மூன்று ஆண்டுகள். யு.ஜி.சி. 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு வழக்கமான உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள், ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். உதவித்தொகை இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டுகள்.

இந்த இடைவெளியில்தான் பணத் தாமதம் அதிகம் காயப்படுத்துகிறது. உதவித்தொகை நான்கு மாதம் தள்ளிப்போனால், வரலாற்று ஆய்வாளர் கடன் வாங்கிச் சமாளித்துப் படித்துக்கொண்டிருக்கக் கூடும். வயல் ஆய்வு செய்பவருக்கு நாற்று நடக் கூலி கொடுக்க வேண்டும், பசுமைக்குடிலுக்கு மின்சாரம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அதற்கான திட்ட நிதி தாமதமாவது இழந்த நான்கு மாதத்தோடு நிற்காது. ஒரு பருவத்தை, சில நேரம் ஓர் ஆண்டையே கொண்டுபோய்விடும். உதவித்தொகையின் கடைசித் தேதியோ அதற்காக ஒரு நாளும் தள்ளிப்போவதில்லை.

பட்டத்துக்குப் பின் வரும் பத்தாண்டு

உண்மையான நெருக்கடி பட்டம் வாங்கிய மறுநாள் தொடங்குகிறது. முனைவர் பட்டம் முடிக்கும்போது வயது பெரும்பாலும் 28லிருந்து 32. அடுத்து முதுமுனைவர் ஆய்வு: இரண்டாண்டு இங்கே, மூன்றாண்டு அங்கே. நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு வரும்போது வயது 35ஐத் தொட்டுவிடும். திருமணம், குழந்தை, பெற்றோரின் முதுமை எல்லாம் சரியாக இந்த ஆண்டுகளில்தான் வந்து சேர்கின்றன. பெண்கள் ஆய்வை விட்டு விலகுவது அதிகம் நடப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

இந்த இடைவெளியை நிரப்பச் சில நல்ல திட்டங்கள் உள்ளன. இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி திட்டத்தில் ஐந்தாண்டுக்கு மாதம் 1,25,000 ரூபாயும் ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் ஆய்வு நிதியும் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி திட்டம் இருக்கிறது. இடைவேளை எடுத்த பெண்களுக்கு பயோகேர், வைஸ் திட்டங்கள் உண்டு. இவற்றில் இடம்பெறுவோர் மிகக் குறைவு. இடம்பெற்றவருக்கும் ஐந்தாண்டு முடிவில் நிரந்தர வேலை உறுதி இல்லை.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2024இல் தொடங்கிய பிரதமர் இளம் ஆய்வாளர் நிதி இன்னொரு முக்கியமான அடி. மூன்றாண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். ஆனால் அது புதிதாக நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்களுக்கு உரியது. முதலில் வேலை, பிறகு நிதி. வேலையே கிடைக்காத முதுமுனைவர் அதன் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்.

பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் பணியிடங்கள் காலியாகவே கிடக்கின்றன. அந்தப் பாடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள் நடத்துகிறார்கள். முனைவர் பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும் உள்ளவர், ஆய்வகமும் ஆய்வு நேரமும் இல்லாமல் ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பதைவிடப் பெரிய மனித வள விரயம் இல்லை. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம். சீனா 2 சதவீதத்துக்கு மேலும் தென் கொரியா 4 சதவீதத்துக்கு மேலும் செலவிடுகின்றன. பணியிடங்கள் நிரம்பாததன் வேர் ஓரளவு இங்கே இருக்கிறது.

வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனுக்கே இந்த அனுபவம் உண்டு. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் முதுமுனைவர் ஆய்வும் முடித்து 1954இல் நாடு திரும்பியபோது, அவரது துறையில் வேலை இல்லை. சில மாதம் கழித்துக் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிகப் பணி கிடைத்தது. அங்கிருந்தே பூசாவுக்குச் சென்றார். அந்தத் தற்காலிகப் பணியும் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சிந்திக்க வேண்டிய ஒன்று. அன்று அப்படி ஒருவர் வந்தார். இன்று ஒவ்வோர் ஆண்டும் பலர் வந்து நிற்கிறார்கள்.

எங்கே ஆள் தேவை?

மரபணுத் திருத்தத்தில் புதிய தேவை உருவாகியிருக்கிறது. வெளி மரபணு எதையும் சேர்க்காமல் செடியின் சொந்த மரபணுவில் சிறு மாற்றம் செய்யும் முறைகளுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அதன் முதல் பலன்கள்தாம் ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் சம்பா மசூரியிலிருந்து உருவாக்கிய ‘கமலா’வும், பூசா நிறுவனம் எம்.டி.யு. 1010இலிருந்து உருவாக்கிய ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’உம். இந்த ரகங்களின் பாதுகாப்பு, காப்புரிமை, விளைச்சல் பற்றி விவாதம் நடக்கிறது, நடக்க வேண்டும். அந்த விவாதத்தைத் தகவலோடு நடத்தவும், சுதந்திரமாகச் சோதிக்கவும்கூடப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் தேவை.

மரபணுவைப் படிப்பது இன்று மலிவாகிவிட்டது. செடியை அளப்பதுதான் கடினமாக இருக்கிறது. எந்தச் செடி எத்தனை தூர் விட்டது, வறட்சியில் இலை எப்போது சுருண்டது, வேர் எவ்வளவு ஆழம் போனது என்பதை ஆயிரக்கணக்கான செடிகளில் கேமரா, டிரோன், உணர்விகள் மூலம் அளக்கும் துறை வேகமாக வளர்கிறது. பூசாவில் நானாஜி தேஷ்முக் பெயரிலான மையம் 2017 முதல் இதற்கென இயங்குகிறது. வயலையும் நிரலாக்கத்தையும் சேர்த்து அறிந்த ஒருவருக்கு ஆய்வு நிறுவனம், விதை நிறுவனம் இரண்டிலும் இடமுண்டு.

எதிர்முனையில், ஆளே இல்லாமல் வறண்டுகொண்டிருக்கும் துறை வகைப்பாட்டியல். இந்தியாவில் சுமார் 18,000 பூக்கும் தாவர இனங்கள் உள்ளன. ஒரு மலைச்சரிவில் நின்று இது எந்த இனம், எந்தக் கிளையினம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவருகிறார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து கே.எம். மேத்யூ உருவாக்கிய, தமிழ்நாட்டின் கர்நாடிகப் பகுதிக்கான தாவரத் தொகுதி போன்ற பணிகள் பல்லாண்டு உழைப்பின் விளைவு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, மூலிகைகளில் கலப்படச் சோதனை எல்லாவற்றுக்கும் அந்த அறிவுதான் அடிப்படை. தேவை சட்டப்படியே இருக்கிறது, பதவிகள்தாம் இல்லை. இத்தனை துறைகளில் உடனடிக் கவனம் வேண்டியது இதற்குத்தான்.

கரும்பு நிறுவனத்தின் வரலாறும் இதையே சொல்லும். பயிரிடும் கரும்பைக் காட்டுப் புல்லினத்தோடு கலந்து 1918இல் கோ 205 வந்தது. காட்டினத்தை அறிந்தவர் இல்லையென்றால் அந்தக் கலப்பே இல்லை. அதே நிறுவனத்தில் 1930களில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்தில் மரபியலாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை 1945இல் வெளியிட்டார். 1951இல் நேருவின் அழைப்பில் திரும்பி வந்து, தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். ஆய்வகமும் காடும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. ஹைதராபாத், பெங்களூரு, ஜால்னா வட்டாரங்களிலும், சேலம் மாவட்டம் ஆத்தூரிலும் விதை நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் உள்ளன. வாழைத் திசு வளர்ப்புக் கூடங்கள், காப்புரிமை முகவர் பணி, பயிர் ரகப் பதிவுக்கான சோதனை மையங்கள் ஆகியவற்றுக்கும் தாவர அறிவியல் படித்தவர்கள் வேண்டும். தொழில் தொடங்க நினைப்பவருக்கு மத்திய அரசின் பைராக் அமைப்பு நடத்தும் பிக் திட்டம் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இவற்றைப் பற்றி முனைவர் பட்ட மாணவரிடம் நெறியாளர்கள் பேசுவது அரிது. பேராசிரியர் பதவி கிடைக்காவிட்டால் தோல்வி என்ற எண்ணம் ஆய்வகங்களில் இன்னும் வலுவாக இருக்கிறது.

வெளிநாடு என்றால் அமெரிக்கா என்ற பழக்கமும் மாற வேண்டியிருக்கிறது. விசாக் கட்டணம் ஒருபுறம் இருக்க, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டின் நிதி நிறுத்தத்தால் வளரும் நாடுகளின் பயிர்களை ஆராய்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகங்கள் பல 2025இல் மூடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முதுமுனைவர் உதவித்தொகைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்று எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கு நான்கு ஆண்டு. கொலோனில் மேக்ஸ் பிளாங்க் பயிர்ப் பெருக்க நிறுவனம், நார்விச்சில் ஜான் இன்னஸ் மையம், பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆகியவை தாவர ஆய்வில் முன்னணி இடங்கள். பட்டம் வாங்கிய பின் தேடத் தொடங்கினால் இந்தக் காலக்கெடுக்கள் கைநழுவிவிடும்; ஆய்வேடு எழுதும்போதே தொடங்க வேண்டும்.

செய்யக் கூடியவை

உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் சேர வேண்டும். அதற்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் மூன்று மாதத் தொகைக்குச் சுழல் நிதி வைக்கலாம். டெல்லியிலிருந்து பணம் தாமதமானாலும் மாணவருக்கு நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு ஈடுசெய்துகொள்ளும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

வயல் பயிர்களுக்கும் மரப் பயிர்களுக்கும் மூன்றாண்டு நிதி பொருந்தாது. ஏழு ஆண்டு வரை நீளும், மூன்றாம் ஆண்டில் கண்டிப்பான மதிப்பாய்வு உள்ள நிதி வேண்டும். இளம் ஆய்வாளர் நிதியில் ஒரு பகுதியை, நிரந்தரப் பணி இல்லாத முதுமுனைவர்கள் ஒரு நிறுவனத்தின் ஏற்போடு நேரடியாகக் கேட்கும்படி ஒதுக்கலாம். இடைவேளை எடுத்த பெண்களுக்கு, பிறந்த தேதியைப் பார்க்காமல் பட்டம் பெற்ற பின் ஆய்வில் கழித்த ஆண்டுகளை மட்டும் கணக்கிட்டால் பலர் திரும்பி வருவார்கள்.

மாநில அரசுகள் கல்லூரிப் பணியிடங்களை ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் நிரப்பும் நாட்காட்டியை அறிவிக்க வேண்டும். கூடவே, தாவரவியல் படித்தவர்களுக்கும் வேளாண்மை படித்தவர்களுக்கும் இடையே உள்ள சுவரைக் குறைக்க வேண்டும். வேளாண் ஆய்வுப் பணிகளின் பல பிரிவுகளுக்குப் பெரும்பாலும் வேளாண் பட்டமே கேட்கப்படுவதால், தாவரவியல் முதுநிலை மாணவர்கள் வெளியே நிற்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகங்கள் ஓராண்டுப் பயிர் அறிவியல் இணைப்புப் படிப்பை நடத்தி, அதைத் தகுதியாக ஏற்கச் செய்தால் ஒரு பெரிய கூட்டத்துக்கு வழி திறக்கும். கோயம்புத்தூரின் நான்கு நிறுவனங்களும் தங்கள் பசுமைக்குடில்களையும் கருவிகளையும் சுற்றுவட்டக் கல்லூரி ஆய்வு மாணவர்களுக்கு முன்பதிவு முறையில் திறந்துவிட்டால், புதிய கட்டடம் எதுவும் இல்லாமலே பலன் கிடைக்கும்.

மாவட்டத்துக்கு ஒரு தாவர வகைப்பாட்டாளர் என்ற பதவியைப் பல்லுயிர் வாரியங்களின் கீழ் உருவாக்கலாம். பதிவேடுகளைச் சரிபார்ப்பது, உலர்மாதிரிகளைச் சேகரிப்பது, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது ஆகியவை அவரது வேலை. மத்திய அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 10 லட்சம் விதை மாதிரிகளுக்கான இரண்டாவது மரபணு வங்கியை அறிவித்திருக்கிறது. அந்த வங்கியின் கட்டடத்தோடு, அதில் பணியாற்றப்போகும் ஆய்வாளர்களின் நிரந்தர இடங்களையும் இப்போதே அறிவிக்கலாம்.

கடைசியாக, அதிகச் செலவில்லாத ஒன்று. முனைவர் பட்டம் வழங்கும் ஒவ்வொரு துறையும், கடந்த பத்தாண்டில் பட்டம் பெற்றவர்கள் எந்த வகைப் பணியில் இருக்கிறார்கள், அதை அடைய எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை, பெயர் குறிப்பிடாமல், தன் இணையதளத்தில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் மாணவரும் அவரது பெற்றோரும் அதைப் பார்த்து முடிவெடுக்கட்டும். நிதி ஒதுக்கும் அமைச்சகமும் அதே பட்டியலைப் பார்த்து ஒதுக்கட்டும்.